மூன்றடிக்குப் பத்தடி

செந்தூல் சந்தையைத் தாண்டி
டயர் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில்
எங்கள் அச்சுக்கடை.
தேர்தல் தேதி அறிவித்ததிலிருந்து
மெஷினுக்கு ஓய்வில்லை.
தவுக்கே மை வாங்கப் போய்விட்டார்.
எனக்கு வேலை பிழை பார்ப்பது:
மலாய், ஆங்கிலம், தமிழ்.

முதல் ஆர்டர் காலை பத்தரைக்கு.
மூன்றடிக்குப் பத்தடி, நாற்பது துண்டு.
"குடும்பதை காப்போம்
இயற்கைக்கு மாறானவர்களை விரட்டுவோம்"
யாரோ போனில் தட்டி அனுப்பிய தமிழ்.
த்-தும் இல்லை, க்-கும் இல்லை.

பத்தொன்பது வருஷமாய்
ஷர்மினியோடு ஒரே பிளாட்டில் இருக்கிறேன்.
பதினோராம் மாடி. லிஃப்ட் கெட்டால்
அரிசி மூட்டைக்கு அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.
பக்கத்து வீட்டுக்கு நாங்கள்
வாடகையைப் பங்கு போடும் இரண்டு ஆன்ட்டிகள்.
மாறானவர்களாம்.
யார் முதலில் குளிப்பது என்பதில்கூட
இத்தனை வருஷத்தில் மாறியதில்லை.

கர்சரைக் கொண்டுபோய்
ஒரு த், ஒரு க் சேர்த்தேன்.
குடும்பத்தைக் காப்போம்.
என்னை விரட்டுகிற தமிழானாலும்
ஒற்று விழுந்த தமிழாக
என் கையைத் தாண்டிப் போகக் கூடாது.

மதியம் எதிர்த்தரப்பிலிருந்து குலவேந்தன் வந்தான்.
நல்ல பிள்ளை.
போன தடவை பதினோரு மாடி ஏறி வந்து
தண்ணீர்க் குழாய் பற்றிப் பேசியவன்,
ஷர்மினி கலக்கிக் கொடுத்த மைலோவை
அடிச்சர்க்கரை வரை குடித்தவன்.
"அக்கா, அவசரம். அதே அளவு.
'நாங்களும் அவர்களை ஆதரிக்கவில்லை'ன்னு போடுங்க.
பெரிய எழுத்துல."
யாரை, தம்பி?
"அதாங்கா... அவங்கள."
போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஜெயிச்சிட்டா அப்புறம் பேசிக்கலாம்கா."
அவன் வரியில் பிழை இல்லை.
திருத்த ஒன்றும் இல்லாமல்
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணி மழையோடு ஐகெரிம்.
கஜகஸ்தான்காரி, கரகண்டாவில் வீடு.
பாலத்துக் கான்கிரீட் ஏன் விரிசல் விடுகிறது என்று
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.
நீல அட்டை, தங்க எழுத்து, ஐந்து பிரதி.
பசை காய்கிறவரை
தரையில் விரித்திருந்ததைப் பார்த்தாள்.
மலாய் வரியை அவளே எழுத்துக் கூட்டினாள்.
மீதியை நான் சொன்னேன்.
சிரித்தாள், வாயால் மட்டும்.

எங்கள் ஊரில், என்றாள்,
சுரங்கத்தில் சம்பளம் நின்றுபோகிற மாதமெல்லாம்
இந்தப் பேச்சு வந்துவிடும்.
மேற்கிலிருந்து வந்த வியாதி என்று ஒரு பக்கம் கத்தும்.
கத்தாத பக்கம் குனிந்து
சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்.
அப்பாவும் அண்ணனும் இதற்காகவே
ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை.
இரண்டு பேருக்கும்
என்னைப் பற்றித் தெரியாது.

நான் கீழே விழாத ஒரு ஆணியைத்
தேடுவதுபோல் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது அவள் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.
இருநூற்றைம்பது வெள்ளி.
இருநூறு போதும் என்றேன்.
வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று
இன்னும் யோசிக்கிறேன்.

இருட்டியதும் ஜாலான் ஈப்போவில்
ஒரே விளக்குக் கம்பத்தில்
இரண்டையும் முதுகோடு முதுகாகக் கட்டினார்கள்.
ஏணி ஒன்றுதான் இருந்தது.
குலவேந்தன் பிடித்துக்கொள்ள அவர்கள் ஏறினார்கள்,
அவர்கள் பிடித்துக்கொள்ள குலவேந்தன் ஏறினான்.
காற்று வந்தபோது
இரண்டும் ஒரே பக்கம் உப்பின.

பிளாட்டுக்குக் கீழே ஷர்மினியின் மோட்டார்.
செலாயாங் ஆஸ்பத்திரியில் பகல் வேலை முடிந்து
எனக்கு முன்பே வந்துவிட்டாள்.
போன தேர்தலில் மிஞ்சிய பேனர் துணியால்
வண்டியை மூடிக் கயிறு சுற்றியிருந்தாள்.
எழுத்து உள்ளே, வெள்ளை வெளியே.
மழை அதன்மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.
ஓரத்தைத் தூக்கிக் கை வைத்தேன்.
இருக்கை காய்ந்திருந்தது.
அதன்மேல் தலைகீழாக, பாதி வெட்டுப்பட்டு
"...தைக் காப்போம்."

க் இருந்தது.
போன தடவையும்
நான்தான் சேர்த்திருக்கிறேன்.